துக்க வீட்டில் விண்மீன் தொங்கலாமா?



திருவருகைக் காலம் வந்துவிட்டது. பீடத்தில் ஊதா நிறத் துணி விரித்தாகிவிட்டது. பங்கின் இளைஞர்கள் குடிலுக்கு வைக்கோலும் மூங்கிலும் தேடிப் புறப்பட்டுவிட்டார்கள். கடைத்தெருவில் விண்மீன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்த சுரூபங்களைத் தாய்மார்கள் எடுத்துத் துடைத்து, எந்த ஆட்டுக்குக் கால் போயிற்று, எந்த இடையனுக்குக் கை போயிற்று என்று கணக்குப் பார்க்கும் நாட்கள் இவை.

இந்நாட்களில் ஆண்டு தவறாமல் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் கேள்வி ஒன்று உண்டு. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. "சாமி, சித்திரையிலே எங்க வீட்டிலே ஒரு சாவு. இந்த வருஷம் நாங்க ஸ்டார் போடலாமா? குடில் வைக்கலாமா? பெரியவங்க கூடாதுங்கிறாங்க. பிள்ளைகள் கேட்டுக்கிட்டே இருக்குது." உள்ளே வந்து அமரச் சொன்னாலும் கேட்பவர் பெரும்பாலும் அமர்வதில்லை. வாசலில் நின்றபடியே கேட்டு, விடையை வாங்கிக்கொண்டு போகவே விரும்புகிறார்.

அவ்வளவு சுருக்கமாக விடை சொல்லிவிடக் கூடிய கேள்வியாக இது எனக்குத் தோன்றுவதில்லை. ஆகையால் இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம். சாவு நேராத வீடு இல்லை. எனவே, இவ்வாண்டு இக்கேள்வி தமக்கு உரியதன்று என்று எண்ணுவோரும் உடனிருந்து கேட்பது நலம்.

வழக்கத்தின் உள்ளே இருக்கும் அன்பு

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இறப்பு நேர்ந்த வீட்டில் ஆண்டு திரும்பும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை என்ற நம் மக்களின் வழக்கத்தை மூடப் பழக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதன் உள்ளே நல்லறிவு இருக்கிறது.

துயரப்படுகிறவனுக்கு அவ்வழக்கம் ஒரு சலுகை அளிக்கிறது. ஊரே சிரிக்கும் நாளில் நீயும் சிரித்துக் காட்ட வேண்டியதில்லை என்று அவனுக்குச் சொல்கிறது. புத்தாடை உடுத்தாமல் இருக்கவும், வீட்டுக்குள்ளேயே இருந்து அழவும் இடமளிக்கிறது. மறைந்தவர் இவ்வீட்டில் ஒரு பொருட்டாக வாழ்ந்தார், அவர் போனதும் ஒன்றும் நடவாததுபோல் நாங்கள் பலகாரம் சுட்டுத் தின்னவில்லை என்று ஊருக்கு அறிவிக்கிறது. அதனினும் அழகிய பகுதி ஒன்றுண்டு. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளைகள் முறுக்கும் அதிரசமும் தின்னாமல் இருப்பதில்லை. அயலாரும் உறவினரும் தூக்குப் பாத்திரங்களில் கொண்டு வந்து நிரப்பிவிடுவார்கள். சுடக் கூடாது என்ற தடையே, கொடுக்க வேண்டும் என்ற கடமையைப் பிறருக்கு உண்டாக்கியது. நம் முன்னோர் கண்ட இந்த ஏற்பாட்டை நான் தலைவணங்கி மதிக்கிறேன்.

ஆனால் பலகாரத்திற்கும் பட்டாசுக்கும் பொருந்துகின்ற தடை, விண்மீனுக்கும் குடிலுக்கும் பொருந்துமா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். எல்லாவற்றையும் 'சோடனை' என்ற ஒரே சொல்லில் நாம் கட்டிவிடுகிறோம். சோடனை மகிழ்ச்சியின் அடையாளம். எங்களுக்கு இவ்வாண்டு மகிழ்ச்சியில்லை. ஆகவே சோடனையும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேட்பதற்கு இது நேரான வாதமாகவே தோன்றுகிறது. ஆனால் அதன் முதற் படியே ஆட்டம் காண்கிறது. குடிலும் விண்மீனும் நம் மகிழ்ச்சியை அறிவிக்கவா தோன்றின?

கிரேச்சோ ஊரின் குடில்

குடிலின் வரலாற்றில் 1223-ஆம் ஆண்டு மறக்க முடியாதது. இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்பது மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூர். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புக்கு ஏறக்குறைய 15 நாட்களுக்கு முன், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், யோவான் என்னும் அவ்வூர்ப் பெரியவரை அழைத்துத் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பெத்லகேமில் பிறந்த குழந்தையின் நிலையைத் தம் ஊனக் கண்களால் காண வேண்டும். ஒரு பச்சிளங்குழந்தைக்கு வேண்டியவை எவையும் இல்லாமல் அது எவ்வாறு வைக்கோலில் கிடந்தது, பக்கத்தில் மாடும் கழுதையும் எவ்வாறு நின்றன என்று காண வேண்டும் என்பதே அவ்விருப்பம். புனிதரின் வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ ஊர்த் தோமா என்ற துறவி இதனைப் பதிந்து வைத்திருக்கிறார்.

அந்த இரவில் அங்கே என்ன இருந்தது? ஒரு தீவனத் தொட்டி, அதில் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. மக்கள் தத்தம் வீடுகளிலிருந்து மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி வந்தனர். தொட்டியை முன்னிறுத்தித் திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டராக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். நாம் வைப்பது போன்ற மரியா, சூசையப்பர் சுரூபங்கள் அங்கிருந்ததாகத் தோமா எழுதவில்லை. மின்விளக்கும் வண்ணத்தாளும் அந்தக் காலத்தில் ஏது?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புனிதர் காண விரும்பியது குழந்தையிடம் இருந்தவற்றை அல்ல, இல்லாதவற்றை. கதகதப்பான அறை இல்லை, மெத்தை இல்லை, சத்திரத்தில் இடம் இல்லை. அந்த இல்லாமையை ஊரார் கண்முன் வைப்பதற்காக எழுந்ததே கிரேச்சோவின் குடில். பின்வந்த நூற்றாண்டுகளில் அதற்கு நாம் அருவியும் ஆலையும் மின்தொடரும் சேர்த்துக்கொண்டோம். அதில் தவறில்லை, அன்பு அழகு செய்யவே விரும்பும். ஆனால் அதன் அடியில் கிடக்கும் வைக்கோல் இன்னமும் அந்த இல்லாமையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருளைப் பற்றிய திருமடல் ஒன்றில் கையெழுத்திட்டார் என்பதையும் நினைவுகூர்வோம்.

அவ்வாறாயின், ஒரு நாற்காலி வெறுமையாகிவிட்ட வீடு, ஒரு தட்டு குறைந்துவிட்ட வீடு, குடிலுக்குத் தகுதியற்ற வீடு ஆகுமா? இல்லாமை இன்னதென்று அறிந்த அவ்வீடே குடிலுக்கு மிக நெருங்கிய உறவுடையது என்று நான் சொல்வேன்.

விண்மீன் யாருக்கு?

விண்மீனுக்கு வருவோம். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் விண்மீன் ஒளிர்கிறது. கீழ்த்திசை ஞானிகள் அதன் வழியே நடந்து குழந்தையைக் காண்கிறார்கள். நாம் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த பகுதிக்குப் போவதில்லை. அதே அதிகாரத்தில், அதே விண்மீன் ஒளிர்ந்த ஊரில், ஏரோதின் வாள் பச்சிளங்குழந்தைகள் மேல் பாய்கிறது. பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுத்து அழும் இராக்கேலை நற்செய்தியாளர் அங்கே நம் கண்முன் நிறுத்துகிறார். திருச்சபை இந்த அழுகையை மூடி மறைக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவின் எண்கிழமைக்குள்ளேயே, டிசம்பர் 28-ஆம் நாள், அந்த மாசில்லாக் குழந்தைகளின் விழாவை வைத்திருக்கிறது. டிசம்பர் 26-ஆம் நாள் கல்லால் எறியுண்டு இறந்த முதல் மறைசாட்சி ஸ்தேவானின் விழா. நாம் பலகாரத் தட்டுகளை மாற்றிக்கொள்ளும் அதே வாரத்தில் பீடத்தின்மேல் சிவப்பு நிறம் இருமுறை வந்து போகிறது.

எசாயா இறைவாக்கினர் ஒளியைப் பற்றி முன்னறிவித்தபோதும் யாரை நோக்கிப் பேசினார்? இருளில் நடந்தவர்களையும், சாவின் நிழல் விழுந்த நாட்டில் குடியிருந்தவர்களையும் நோக்கியே பேசினார். அந்த வாசகத்தைத்தான் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் முதல் வாசகமாக ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். வாசகத்தை உள்ளே கேட்டுவிட்டு, வெளியே வந்து, சாவின் நிழல் விழுந்த வீட்டுக்கு விளக்கு ஆகாது என்று சொன்னால் அது பொருந்துமா?

தாளால் விண்மீன் செய்து தொங்கவிடும் வழக்கத்தின் வரலாற்றிலும் நெஞ்சைத் தொடும் ஒரு பக்கம் உண்டு. ஜெர்மனியில் மொரேவியச் சகோதர சபை என்னும் பிரிந்த சகோதரர்களின் சபை ஒன்று இருக்கிறது. அச்சபையினர் தொலைநாடுகளுக்கு மறைப்பணியாற்றச் சென்றபோது, தம் பிள்ளைகளைச் சபையின் விடுதிப் பள்ளிகளில் விட்டுச் சென்றனர். கடல் கடந்து போன பெற்றோரைப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காண முடியாது. அத்தகைய விடுதிகளில்தான், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவக் கணிதப் பாடத்தின் பயிற்சியாகத் தாளை மடித்து ஒட்டிப் பல கூர்கள் கொண்ட விண்மீன்களைச் செய்யக் கற்பித்தார்கள். அப்பிள்ளைகள் செய்த விண்மீன் இன்று அங்கு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று ஏற்றப்பட்டு, திருக்காட்சி விழா வரை வீடுதோறும் ஒளிர்கிறது. தாய் தந்தையரைப் பிரிந்த சிறுவர் கைகள் பசை தடவி ஒட்டிய விண்மீன் அது. குறை ஏதும் இல்லாத வீட்டார் வாசல் அலங்காரத்துக்காகச் செய்ததன்று.

வெள்ளைப்போளம்

உங்கள் வீட்டுக் குடிலில் மூன்று ஞானிகளையும் வரிசையாக நிறுத்துகிறீர்கள். ஒருவர் கையில் பொன், ஒருவர் கையில் சாம்பிராணி, மூன்றாமவர் கையில் வெள்ளைப்போளம். பிள்ளைகள் கேட்டால் இம்மூன்றையும் மன்னருக்குரிய காணிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளைப்போளம் எதற்குப் பயன்பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். யூதர்கள் இறந்தவரின் உடலை அடக்கம் செய்யும்போது பயன்படுத்திய நறுமணப் பொருள் அது. இயேசுவைச் சிலுவையினின்று இறக்கிய மாலையில் நிக்கதேம் சுமந்து வந்தது, வெள்ளைப்போளமும் அகிலும் கலந்த ஏறக்குறைய 100 இராத்தல் நறுமணப் பொருள் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது.

பிறந்த வீட்டுக்கு அடக்கச் சடங்கின் பொருளை எவராவது கொண்டு வருவாரா? நம் ஊரில் ஒருவர் அவ்வாறு செய்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். பெத்லகேம் வீட்டில் மரியா அதை வாங்கி வைத்துக்கொண்டார். சாவு அந்தக் குடிலுக்குப் புறம்பானதாக ஒருபோதும் இருந்ததில்லை. அது தொடக்கத்திலேயே அழைத்து வரப்பட்டு, குழந்தையின் காலடியில் வைக்கப்பட்டுவிட்டது. துயருற்ற வீட்டார் தம் துயரத்தோடு குடில் முன் வந்து நிற்கும்போது, அங்கு ஏற்கெனவே இடம் பெற்ற ஒன்றையே கொண்டு வருகிறார்கள்.

திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கில் உள்ள ஒரு சிறு செய்தியையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். எந்தக் குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றலாம் என்று பொதுவாக அனுமதிக்கப்பட்ட நாட்கள் ஆண்டில் இரண்டே. ஒன்று கிறிஸ்து பிறப்பு விழா. மற்றொன்று நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். இவ்விரண்டாம் அனுமதியை 1915-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் பல நாடுகளின் வீடுகள் துக்க வீடுகளாகிக்கொண்டிருந்த வேளையில், திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் உலகின் எல்லாக் குருக்களுக்கும் அளித்தார். பிறப்பின் நாளும் இறந்தோரின் நாளும் இவ்வாறு ஒரே பெருந்தன்மையைப் பெற்றிருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றிய அதே கைகள் ஏழெட்டு வாரங்களில் குடிலில் விளக்கு ஏற்றுவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

நம் கடற்கரை மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். காலையில் எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் மட்டும் ஏறக்குறைய 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது. நாகை மாவட்டமே பெரிதும் பாதிக்கப்பட்டது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் மாண்டனர். குமரி மாவட்டத்துக் கத்தோலிக்க மீனவ ஊர்களும் பிள்ளைகளை வாரிக் கொடுத்தன. ஒரு வீட்டில் துக்கமென்றால் அயலார் பலகாரம் கொண்டு வருவர். ஊர் முழுவதும் துக்கமென்றால் யார் யாருக்குக் கொண்டு வருவது? அந்த ஊர்களில் அதன்பின் வந்த ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பும் நினைவு நாளுக்கு முந்திய நாளாகவே வருகிறது. எனினும் குழந்தையின் பிறப்பை அவர்கள் தள்ளி வைக்கவில்லை. ஒருநாள் விழா, மறுநாள் நினைவுத் திருப்பலி என்று இரண்டையும் தாங்கிக்கொள்ளும் வலிமையை அவர்களிடம் நாம் கற்க வேண்டும்.

கைம்பெண்ணின் கை

இவ்வழக்கத்தில் என்னை வருத்தும் பகுதி ஒன்று உண்டு. துக்கத்தின் சுமை வீட்டார் அனைவர் மேலும் சமமாக விழுவதில்லை. கணவனை இழந்தவள் மேலேயே அதன் பெரும்பாரம் விழுகிறது.

ஒரு பங்கில் நான் பணியாற்றியபோது நிகழ்ந்தது. கட்டட வேலை செய்துவந்த ஓர் இளங்குடும்பத் தலைவர் ஆடி மாதத்தில் இறந்துபோனார். ஆண்டுதோறும் மூங்கிற் சிம்பைச் சீவி, தாள் ஒட்டி, தம் கையாலேயே விண்மீன் செய்து வாசலில் கட்டுவது அவர் வழக்கம். பழைய சட்டம் பரணில் இருந்தது. டிசம்பரில் நான் அவ்வீட்டுக்குச் செபிக்கச் சென்றபோது பத்து வயது மகன் அதை இறக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். அவனுடைய பாட்டி அதை மீண்டும் மேலே வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் ஒன்றும் பேசாமல் அடுப்படியில் நின்றாள்.

"ஏன் அம்மா, பிள்ளை ஆசைப்படுகிறானே?" என்று கேட்டேன்.

"ஊரு என்ன சொல்லும் சாமி? மகனைப் புதைச்ச வருஷமே விளக்குப் போட்டாங்கன்னு என்னையா சொல்லும்? இவளைத்தான் சொல்லும். அந்தப் பேச்சு இவ காதிலே விழக் கூடாதுன்னுதான் நான் வேணாங்கிறேன்" என்றார் அந்த மூதாட்டி.

அவரது தடையின் உள்ளேயும் அன்பே இருந்தது. அதனால் நான் வாதாடவில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் அன்னா என்ற மூதாட்டியின் வரலாற்றை மட்டும் அவருக்குச் சொன்னேன். மணமாகி ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து, பின் முதுமை வரை கைம்பெண்ணாகவே கோவிலில் நோன்பிலும் செபத்திலும் இருந்தவர் அன்னா. குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டு வந்த நாளில், அந்நேரமே அங்கு வந்து கடவுளைப் புகழ்ந்தவர்; எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அக்குழந்தையைப் பற்றிப் பேசியவர். ஒரு கைம்பெண் எதிரே வந்தால் ஆகாது என்று சொல்லும் உலகில், ஆண்டவர் தம் வருகையை அறிவிக்கும் வாயாக ஒரு கைம்பெண்ணையே தேர்ந்துகொண்டார்.

பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு பேரனிடம், "வெள்ளைத் தாள்தான் ஒட்டணும். பளபளப்புக் காகிதம் வேணாம். ஒரே பல்பு. சீரியல் லைட்டு கூடாது" என்றார். தாமே எழுந்து மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினார். விண்மீன் ஒட்டி முடிந்ததும் அதைக் கயிற்றில் கட்டி ஏற்றும்படி மருமகளிடம் கொடுத்தார். தெருவில் இரண்டொருவர் முகஞ்சுளித்ததாகப் பின்னர் அறிந்தேன். அந்தப் பெண்ணோ, ஆடி மாதத்திற்குப் பின் முதன்முறையாக, அன்று நள்ளிரவுத் திருப்பலிக்கு மகனுடன் வந்து, தான் வழக்கமாக அமரும் இடத்திலேயே அமர்ந்தாள்.

எனவே குடும்பத் தலைவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது. துக்கம் காப்பது உங்கள் உரிமை. ஆனால் வீட்டுக் குடிலை மந்திரிக்கக் குரு வரும்போது கைம்பெண்ணைப் பின்கட்டுக்கு அனுப்புவதும், விளக்கேற்ற அவள் கை கூடாது என்பதும், கிறிஸ்தவ வீட்டில் இருக்கத் தகாதவை. அன்னாவை நற்செய்தியிலிருந்து நீக்கினாலன்றி அவற்றுக்கு இடமில்லை.

என்ன செய்யலாம்?

துக்க வீட்டாருக்குச் சில எளிய யோசனைகள். கட்டாயம் ஒன்றுமில்லை. மனம் ஒப்பாதவர்கள் விண்மீன் ஏற்றாவிட்டால் பாவம் ஏதும் இல்லை; அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வர வேண்டியதுமில்லை. ஆனால் ஏற்ற விரும்புகிறவர்கள் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி நிறுத்த வேண்டாம். பட்டாசையும் புத்தாடையையும் விருந்தையும் விட்டுவிடுங்கள். விண்மீனையும் குடிலையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னவை நாம் மகிழ்ந்து செய்பவை. பின்னவை நமக்காக ஆண்டவர் செய்ததைச் சொல்பவை. முன்னவற்றை விடுவது துக்கம். பின்னவற்றையும் விடுவது ஆறுதலையே வெளியே நிறுத்துவதாகும்.

குடிலை மிக எளிதாக அமையுங்கள். மறைந்தவரின் படம் இருக்கும் மேசையருகே அதை வைக்கலாம். படத்தின் முன் எரியும் விளக்கும் குடிலின் விளக்கும் ஒரே விளக்காக இருக்கட்டும். குழந்தை சுரூபத்தை நள்ளிரவு வரை வைக்காமல், தீவனத் தொட்டியை வெறுமையாக விட்டுவிடும் நல்ல பழக்கம் பல வீடுகளில் உண்டு. இவ்வாண்டு அந்த வெறுமைக்கு உங்கள் வீட்டில் கூடுதல் பொருள் இருக்கும். திருப்பலி முடிந்து வந்து, வீட்டிலேயே இளையவர் கையால் குழந்தையை அதில் வைத்து, மறைந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு பத்துமணிச் செபம் செபியுங்கள். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

அயலாருக்கும் ஒரு சொல். பலகாரம் கொண்டு போகும் பழக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கும் காலம் இது. ஆயினும் கையில் ஏந்திச் சென்று, வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே சென்று சிறிது நேரம் அமருங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசலாமோ கூடாதோ என்று தயங்காதீர்கள். பேசுங்கள். போன ஆண்டு இதே நாளில் அவர் இன்னது சொன்னார், இவ்வாறு சிரித்தார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லாரும் அவர் பெயரைத் தவிர்த்துவிடுவதே அவ்வீட்டாருக்குப் பெரிய வேதனை.

குழந்தை சுரூபத்தை ஏந்தி வீடு வீடாகப் பாடிச் செல்லும் நம் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். துக்க வீடு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு, வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். மரியாதையின் பொருட்டே அவ்வாறு செய்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அது எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் குழந்தை வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று என்றல்லவா தோன்றும்? முந்திய நாளே இருவர் சென்று, "நாங்கள் வரலாமா?" என்று பெரியவர்களைக் கேளுங்கள். சம்மதித்தால் மேளமின்றி, மெல்லிய குரலில் ஒரே ஒரு பாடலைப் பாடுங்கள். சுரூபத்தை அவ்வீட்டாரின் கையில் கொடுத்து முத்தி செய்யச் சொல்லுங்கள். காணிக்கைப் பெட்டியை அங்கே நீட்ட வேண்டாம். மரியாயின் சேனை உறுப்பினர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இவ்வாண்டு இறப்பு நேர்ந்த வீடுகளின் பட்டியலை இப்போதே எடுத்து, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையேனும் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெத்லகேம் என்ற பெயருக்கு அப்பத்தின் வீடு என்பது பொருள். அங்கே தீவனத் தொட்டியில் கிடந்தவர் இன்று பீடத்தில் நமக்கு உணவாகிறார். நள்ளிரவுத் திருப்பலியில் குரு இறந்தவர்களை நினைவுகூரும் அந்த நொடியில், உங்களை விட்டுப் பிரிந்தவரின் பெயரை மனத்துக்குள் சொல்லுங்கள். நாம் இங்கே குடிலின் முன்னும், அவர்கள் இறைவனின் திருமுன்னும், ஒரே குழந்தையையே நோக்கியிருக்கிறோம் என்பது நம் விசுவாசம்.

ஆகவே, வாசலில் நின்று என்னைக் கேட்ட அன்பர்களுக்கு என் விடை: தொங்கலாம். வெள்ளைத் தாளில், ஒற்றை விளக்கோடு, அழுத கண்களோடும் தொங்கவிடலாம். வீதியில் செல்லும் வேறொரு துயருற்றவர் அதைப் பார்த்து, இந்த வீட்டிலும் சாவு நேர்ந்ததே, இவர்கள் எவ்வாறு விளக்கு ஏற்றினார்கள் என்று ஒரு கணம் நிற்பாராயின், கீழ்த்திசை ஞானிகளுக்கு அந்த விண்மீன் செய்ததை உங்கள் வீட்டு விண்மீனும் செய்துவிட்டது.

துயருற்ற இல்லங்கள் அனைத்துக்கும் குழந்தை இயேசுவின் சமாதானம் உண்டாவதாக.

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை